வள்ளி திருமணமும் பழநிப் பெருவழியும்

திண்டுக்கல்லினின்று மேற்றிசை நோக்கிப் பழநிக்குச் செல்லும் பெருவழியில் ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி என மூன்று ஊர்கள் முறையே அமைந்துள்ளன. மூன்றன் பெயரிலும் சத்திரம் என்னும் சொல் நிலைபெற்றுள்ளது. ஊர்ப்பெயர் எழுத்தில்லாத கல்வெட்டு என்பர் ஆராய்ச்சியாளர். இவ்வழியே நாள்தோறும் நடந்தோர் பலர், அவர்க்கு உண்டியும் உறையுளும் வேண்டியிருந்தன, அவற்றை அறமெனக் கருதி அமைத்தாரும் இருந்தனர் என்னும் செய்திகளை இப்பெயர்களே அறிவித்து நிற்கின்றன. செட்டிநாட்டு நகரத்தார் குன்றக்குடியிற் கூடிக் காவடி சுமந்து நத்தம், திண்டுக்கல் வழியாகத் தைப்பூசத்துக்கு நடந்து செல்லும் மரபு பல தலைமுறையாக வழங்குகின்றது. அம்மரபின் தொடக்கத்தைப் பழநிக்கு உப்பு வாணிகம் செய்யப் போந்த குமரப்பர் என்பாரோடு சார்த்திக் கூறும் பட்டயங்களும் உள்ளன. உப்பு மூட்டை போன வழியே காவடியும் போயிற்று என்பது நினைக்குந்தோறும் இன்பம் பயப்பதாம். ஒட்டன்சத்திரத்துக்கு அணித்தாய விருப்பாட்சி, கோபால நாயக்கரால் நாட்டு வரலாற்றிற் பெயர் பெற்றது. பழநிப் பஞ்சாமிர்தத்துக்குரிய மலைவாழையாலும் அதன் பெயர் வழங்குகின்றது. அவ்வரலாறு வேறு, ஈண்டு ஆராயப்புகுவது பிறிதொன்று.

இப்பெருவழியில் நடந்தோருட் பெரும்பாலார் முற்காலத்து ஏடு பயின்றவரல்லர். கந்தபுராணத்தின் பதினாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களுள் ஒன்றையேனும் எழுத்துக்கூட்டி அறிந்தவர் அவருள் மிகச் சிலரேயாவர். ஆயினும் வள்ளி வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியிற் கிடந்ததும், நம்பிராசன் எடுத்து வளர்த்ததும், தினைப்புனங் காத்ததும், முருகப்பெருமான் வேடனாயும் வேங்கைமரமாயும் கிழவராயும் வந்ததும், மூத்த பிள்ளையார் யானையாய்த் தோன்றித் துணைசெய்ததும் அவர் ஒவ்வொருவர்க்கும் தம் வீட்டுச் செய்திபோல் விளங்கியிருந்தன. புராணத்தின் இறுதிப் படலம் புராணம் படியாதார் நெஞ்சில் எவ்வாறு புகுந்தது? இவ்வினாவுக்கு விடை, கற்றோர் பலர் ஏறெடுத்தும் பாராத கூத்துமேடையிலும் கும்மிக் களத்திலும் உள்ளது.

முதற்கண் இந்நிலத்தின் பழமையைச் சிறிது நோக்குதல் தகும். பழநியின் பழம்பெயர் பொதினி என்பதும், அஃது ஆவியர்குடித் தலைவர்க்கு உரியதாயிருந்தது என்பதும் அகநானூற்றால் விளங்கும். நெடுவேளாகிய ஆவியை முருகனொடு ஒப்பவைத்து மாமூலனார் பாடியது அந்நூலின் முதற்பாட்டாய் நிற்கின்றது. திருமுருகாற்றுப்படை கூறும் ஆறு படைவீடுகளுள் மூன்றாவதாகிய திருவாவினன்குடி இப்பழநி மலையின் அடிவாரமேயாம். மயிலுக்குப் போர்வை ஈந்த வையாவிக் கோப்பெரும் பேகனும் இக்குடியினனே. அவன் கொடையை எல்லாரும் அறிவர். அவன் தன் மனைவியாகிய கண்ணகியைத் துறந்து பிறளொருத்திபால் ஒழுகியபொழுது, கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்னும் நால்வர் ஐந்து பாட்டுக்களால் அவனை இடித்துரைத்தமை புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள பாட்டுக்களிற் காணப்படும். பொருளை வேண்டோம், நின் தேரேறிச் சென்று அவள் துயரைக் களைதலே யாம் வேண்டும் பரிசில் என்பது அப்பாட்டுக்களின் கருத்து. அகத்திணையில் வாயில்கள் செய்யும் வினையை ஈண்டுப் புலவர் புறத்திணையிற் செய்தனர். பொதினி மலைச்சாரலில் இலக்கியம் அரண்மனை வாயிலோடு நில்லாமல் இல்லறத்தின் உள்ளும் புகுந்தமைக்கு இதனினும் பழைய சான்று வேண்டுவதில்லை.

வள்ளியின் கதையும் இத்துணைப் பழமையுடையதே. வடமொழிப் புராணங்களிலிருந்து பிற்காலத்தார் கொணர்ந்து ஒட்டியது என்று கூறுவாரும் உளர். அவர் நற்றிணையின் 82-ஆம் பாட்டை நோக்குவாராக. தலைவன் தன் காதலியை நோக்கி, முருகனொடு கூடிச் சென்ற வள்ளியை அவட்கு உவமை கூறுகின்றான். ஒரு செய்தி விரித்துரைக்கப்படாது உவமையாய் மட்டும் நிற்குமாயின், அது கேட்போர்க்கு முன்னரே தெரிந்ததாயிருத்தல் வேண்டும் என்பது சொல்லாமலே அமையும். திருமுருகாற்றுப்படையும் பரிபாடலும் வள்ளியை எடுத்துரைக்கின்றன. பரிபாடலின் 9-ஆம் பாட்டில் வள்ளிக்கும் தேவசேனைக்கும் நிகழ்ந்த ஊடற்பூசல் நாடகம்போலவே விரிகின்றது. சிலப்பதிகாரத்துக் குன்றக்குரவையிற் குறவர் மகளிர் முருகனைப் பாடிக் குரவையாடுகின்றனர். கைகோத்து வட்டமிட்டு ஆடும் அக்குரவையை உளத்திற் கொண்டு, பின்னர்க் கூறப்படும் வள்ளி கும்மியை நோக்குதல் வேண்டும்.

கச்சியப்ப சிவாசாரியர் கந்தபுராணத்தை ஆறு காண்டங்களாக வகுத்து, தக்ஷ காண்டத்தின் இறுதியில் வள்ளியம்மை திருமணப் படலத்தை வைத்தருளினார். தெய்வயானையார் திருமணமோ போர் முடிந்தவுடன் தேவ காண்டத்தே நிகழ்ந்துவிடுகின்றது. இரண்டு திருமணங்களையும் ஒருங்கு வையாது, தக்கன் வேள்வியை இடையிட்டு, வள்ளி திருமணத்தை நூலின் முடிவாக அமைத்தது காரணமின்றி நேர்ந்ததன்று. சூரனை ஆட்கொண்டது மறக்கருணை. வள்ளியைத் தேடிச் சென்றது அறக்கருணை. முன்னதில் ஆன்மா எதிர்த்து நின்றது. பின்னதில் தன்னையே அறியாது தினைப்புனத்தில் நின்றது.

இவ்வறியாமையே சித்தாந்தம் பயில்வோர் கருதற்பாலது. சிவஞானபோதத்து எட்டாம் சூத்திரம், ஐம்பொறிகளாகிய வேடரிடையே தன் பெருமை அறியாது வளர்ந்த உயிர்க்கு, அது முன்செய் தவத்தால், உள்நின்ற முதல்வனே குருவாய் வெளிவந்து உண்மையுணர்த்த, அஃது அவ்வேடரை விட்டு நீங்கித் திருவடி சேரும் என்று கூறுகின்றது. சிவஞான சித்தியார் அதனை வேடரிடை வளர்ந்த அரசகுமாரன் கதையாக விரித்துரைக்கும். வள்ளியின் வரலாற்றை இதனொடு வைத்து நோக்குக. அவள் திருமாலின் மகளாகிய சுந்தரவல்லி; முருகனை அடைதற்பொருட்டுத் தவஞ் செய்தவள். அத்தவமுடையவள் வேடர்குடியில் வளர்கின்றாள். தான் யாரென அறியாள். தவத்தின் பயனாக இறைவனே வருகின்றான். அவன் கொள்ளும் கோலங்களுள் ஒன்று திருநீறணிந்த சிவனடியார் கோலம். சூத்திரத்தின் உறுப்புக்கள் யாவும் கதையில் உள்ளன. அரசகுமாரன் உவமையில் தந்தை மகனை மீட்கின்றான். வள்ளி கதையிலோ தலைவன் தலைவியை நாடி வருகின்றான் என்பதே வேற்றுமை. திருக்கோவையார் ஓதுவார்க்கு இவ்வேற்றுமை தடையாகாது.

கிழவர் கோலத்தில் வந்த பெருமான், தன்னை வணங்கிய நம்பிராசனுக்குத் திருநீறு அளிக்கின்றான். நும்முடைய மலையிலுள்ள குமரியில் ஆட வந்தேன் என்கின்றான். நம்பிராசன் குமரி என்பதைத் தீர்த்தமென்றே பொருள் கொண்டு, நன்று, ஆடுக என இசைகின்றான். சொல் ஒன்று, பொருள் இரண்டு. வேடர்க்கு ஒன்று விளங்கிற்று, கேட்போர்க்கு மற்றொன்றும் விளங்கிற்று. புராணத்தின் நடுவே அமைந்த இச்சிலேடை மேடைக்கென்றே செய்தது போலும்.

இக்கதையை மேடைக்குரியதாகத் தமிழ்நாடெங்கும் பரப்பியவர் தூ. தா. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). தூத்துக்குடிக்கு அடுத்த காட்டுநாயக்கன்பட்டியிற் பிறந்த இப்பெரியார் தமிழ் பயின்றது பழநித் தண்டபாணி சுவாமிகளிடம். உடுமலை முத்துசாமிக் கவிராயர் இவருடன் பயின்றவர். நாடகத் தமிழின் தந்தை எனப் பின்னோர் போற்றும் ஒருவர் பழநிப் புலமை மரபில் தோய்ந்து வந்தார் என்பது வரலாற்றுரிமை பற்றி நினைவிற் கொள்ளத்தக்கது. புதுக்கோட்டைக் கஞ்சிரா வித்துவான் மான்பூண்டியா பிள்ளையின் தொடர்பால் இசையிலும் தாளத்திலும் தேர்ந்தார். நாற்பதுக்கு மேற்பட்ட நாடகங்களை இயற்றினார். 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையையும் நிறுவினார். சபைகளின் பெயர்களே அவருடைய உள்ளக் கிடக்கையைக் காட்டும். சிறுவர்களுக்கு நடிப்புப் பயிற்றுங்கால் தமிழ்ப் பாடமும் ஒழுக்கப் பாடமும் உடன் பயிற்றினார் என்பதை அப்பாலசபையிற் பயின்ற தி. க. சண்முகம் எழுதிய தன்வரலாற்றால் அறியலாம்.

சுவாமிகளின் நாடகங்களுள் வள்ளி திருமணம் இன்றுவரை இறவாது நடக்கின்றது. கம்பெனி நாடகங்கள் ஓய்ந்தபின்னும் ஸ்பெஷல் நாடகம் என்னும் முறையில் மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பகுதிகளின் ஊர்த் திருவிழாக்களில் இரவு முழுதும் அது நடிக்கப்படுகின்றது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என ஒவ்வொருவரும் வெவ்வேறூரினின்று அன்று மாலையில் வந்து சேர்வர். ஒத்திகை கிடையாது. ஒருவரையொருவர் முன் அறியாதாரும் உண்டு. ஆயினும் கதையும் பாட்டும் எல்லார்க்கும் மனப்பாடமாதலால் நாடகம் தடையின்றி நடந்தேறும். நூல் அச்சிலுள்ளதா இல்லையா என்பது பற்றி அவர்க்குக் கவலையில்லை. நூல் அவர் நாவிலுள்ளது. பாடம் வழிவழியாக நிலைபெறுதற்கு ஏடு ஒன்றே கருவியன்று என்பதைப் பாடபேத ஆராய்ச்சியாளர் இங்கே கண்டுகொள்ளலாம்.

இந்நாடகத்தின் உயிர்ப்பகுதி தர்க்கம் எனப்படும். வேடனாய் வந்த முருகன் தினைப்புனத்தில் ஆலோலம் பாடிப் பறவை கடியும் வள்ளியை நோக்கி, என் அம்புபட்ட மான் இவ்வழியே வந்ததுண்டோ என வினவுகின்றான். அவள் மறுத்துரைக்க, அவன் மடக்க, சொல்லுக்குச் சொல்லாய்ப் பாட்டுக்குப் பாட்டாய் வாதம் நாழிகைக் கணக்கில் நீளும். புராணத்திற் சுருங்கியுள்ள இவ்விடம் மேடையில் இவ்வளவு விரிவானேன் என்று குறை கூறுவார் பலர். காமச்சுவை மிகுத்துக் காசு பெறுதற்பொருட்டு நடிகர் செய்த பெருக்கம் எனவும் சொல்லுவர். ஓரளவு அது மெய்யே. தொடக்கத்துப் பபூன் காட்சியிலும் நடனக் காட்சியிலும் செவி பொத்தத்தக்க சொற்கள் வருவதுண்டு. அவற்றை எவரும் ஆதரியார்.

ஆயினும் தர்க்கத்தை மட்டும் தனியே எடுத்து ஆராயின் வேறோர் உண்மை புலப்படும். தலைவியும் தோழியும் நிற்கும் புனத்திற் சென்ற தலைவன், இழந்துவிட்டதொன்றைத் தேடுவான்போல வினாவுதல் அகப்பொருளிற் கெடுதி வினாதல் எனப்படும். திருக்கோவையாரில் மதியுடம்படுத்தற்கண் வேழம் வினாதல், கலைமான் வினாதல், வழி வினாதல், பதி வினாதல், பெயர் வினாதல் என இத்துறைகள் அடுத்தடுத்து வருகின்றன. மேடையில் வேடன் கேட்கும் முதல் வினா மானைப் பற்றியது. அடுத்து ஊர், அதன்பின் பேர். துறை பெயர்த்து வைத்ததுபோன்றே உள்ளது. ஆலோலம் என்பது குறிஞ்சிக்குரிய கிளிகடிதலன்றி வேறன்று. எட்டாந் திருமுறையிற் பேராசிரியர் உரையோடு கற்றோர் பயிலும் துறைகள், கற்றறியாதார் நள்ளிரவில் வெற்றுநிலத்தில் அமர்ந்து கேட்கும் நாடகத்தில் உயிரோடுள்ளன. சுவாமிகள் இதனை அறிந்தே அமைத்தார் என்பதில் ஐயமில்லை. அவர் கற்ற தமிழ் அத்தகையது. அறியாது பின்பற்றிய நடிகரும் அதனைச் சிதையவிட்டிலர்.

வள்ளி கதையை அகத்துறைப்படுத்துதல் புதிதுமன்று. மாதவச் சிவஞான முனிவரின் மாணாக்கராகிய கச்சியப்ப முனிவர் தணிகைப்புராணத்திற் களவுப் படலம் என ஒன்று வகுத்து, முருகன் வள்ளி காதலைக் களவியற்றுறைகள் அமையப் பாடியிருக்கின்றார். திருவாவடுதுறை ஆதீனப் புலவர் செய்தபொழுது அது புலமையாயிற்று. ஆர்மோனியத்தோடு அதனையே பாடும்பொழுது இழிவாவது எங்ஙனம்?

நாடகத்தைப் பற்றிக் கற்றோர் எழுதாமலில்லை. பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் மனோன்மணீயம் இயற்றினார். பரிதிமாற் கலைஞர் 1897-இல் நாடகவியல் என்னும் இலக்கணம் வகுத்தார். விபுலானந்த அடிகள் 1926-இல் வெளிவந்த மதங்கசூளாமணியிற் சேக்சுபியரின் பன்னிரண்டு நாடகங்களை ஆராய்ந்து தமிழ் நாடகத்துக்கு நெறி காட்டினார். இவை அரிய நூல்களே. ஆயினும் அவை வெளிவந்த அதே ஆண்டுகளில் ஊர்தோறும் விடிய விடிய நடந்த வள்ளி திருமணத்தைப் புலவர் தமிழ்நாடகமாக எண்ணி ஆராய்ந்ததில்லை. ஆங்கில நாடகத்துக்குக் கிடைத்த நீதி அதற்குக் கிடைக்கவில்லை.

பொதுமக்கள் வாழ்க்கையில் அந்நாடகம் எத்துணை ஆழ்ந்திருந்தது என்பதற்கு விசுவநாத தாஸ் (1886–1940) வரலாறு ஒன்றே சாலும். சிவகாசியிற் பிறந்த இவர் முருக வேடம் பூண்டு மேடையேறி, தினைப்புனத்துப் பறவைகளைக் கடியும் இடத்தில், வெள்ளைக் கொக்கின்மேல் வைத்து அந்நிய ஆட்சியைச் சாடிப் பாடுவார். புனத்தில் விளைந்ததைக் கொள்ளைகொள்ளும் பறவை எதுவென்று அவையோர்க்கு உரையாசிரியர் வேண்டியிருந்ததில்லை. அதன்பொருட்டுப் பலமுறை சிறை புகுந்தார். 1940 டிசம்பர் 31-ஆம் நாள் சென்னை மேடையில் முருக வேடத்தோடே மயில்வாகனத்தில் அமர்ந்திருக்கையில் உயிர் நீத்தார். குறிஞ்சித்திணையின் கிளிகடிதல் 20-ஆம் நூற்றாண்டில் அரசியற் பொருள் பெற்றமை, பழைய துறை பட்டுப்போகாமல் தளிர்த்தமைக்கு அடையாளம்.

கொங்குநாட்டின் தென்னெல்லையாகிய பழநி, ஒட்டன்சத்திரப் பகுதிகளில் நாடகத்தோடு வேறொன்றும் வழங்குகின்றது. அது வள்ளி கும்மி. ஆசிரியர் ஒருவர் பாடல் எடுக்க, ஆடுவோர் வட்டமாய் நின்று கைகொட்டி அடிபெயர்த்து அதனை வாங்கிப் பாடுவர். வள்ளி பிறந்தது முதல் மணம் முடிந்தது வரை முழுக்கதையும் பாட்டாய் வரும். இரவு முழுதும் ஆடினாலும் தாளம் பிறழாது. முற்காலத்தில் ஆடவரே ஆடினர். மகளிர்க்குக் களத்தில் இடமில்லை. கோயம்புத்தூர் மாவட்டத்து மூதறிஞர் பத்ரப்பன் அவ்வரம்பை நீக்கி மகளிர்க்கும் சிறுமியர்க்கும் பயிற்றுவித்தார். 2024-இல் அவர்க்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. இன்று கொங்கு ஊர்களின் கும்பாபிடேகங்களிலும் திருவிழாக்களிலும் பள்ளிச் சிறுமியர் நூற்றுக்கணக்கில் ஒரே நிறச் சேலையுடுத்து இக்கும்மியை ஆடுகின்றனர். குன்றக்குரவையில் ஆடியவரும் குறவர் மகளிரே; இடையில் நேர்ந்த விலக்கு ஒழிந்து பழைய முறை மீண்டது என்றே கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்தார் இதனை வேறு வழியாற் செய்தனர். ஆங்குத் திருக்கோயில்களிற் கந்தபுராணத்தை ஒருவர் படிக்க மற்றொருவர் பயன் சொல்லுதல் ஆண்டுதோறும் நியமமாக நடந்துவந்தது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாண வாழ்வையே கந்தபுராணக் கலாசாரம் என்று பெயரிட்டு வழங்கினார். செய்யுளை விடாது கேட்டுக் கேட்டு நெஞ்சில் ஏற்றியது அவர் முறை. பழநிப் பெருவழியார் முறையிற் செய்யுள் மறைந்து கதையும் துறையும் நின்றன. முன்னதில் நூற்பாடம் காக்கப்பட்டது. பின்னதில் மெய்ப்பாடு காக்கப்பட்டது. இரண்டனுள் எது சிறந்தது என்று தீர்த்தல் எளிதன்று. எனினும் நூற்பாடம் கைவிடப்பட்டதனால் மேடையில் நேர்ந்த ஓர் இழப்பைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது.

புராணத்தில் வள்ளியை முருகன் கவர்ந்து சென்றபின் நம்பிராசனும் வேடரும் தொடர்ந்து வந்து அம்பு எய்கின்றனர். சேவல் கூவுகின்றது, வேடர் அனைவரும் உயிர் நீங்கி வீழ்கின்றனர். வள்ளி தன்னை வளர்த்தவர்பொருட்டு வருந்துகின்றாள். பெருமான் தானே அவரை எழுப்பாது, வள்ளியைக் கொண்டே எழுப்புவிக்கின்றான். எழுந்த வேடர் பகைமை நீங்கி வணங்கி, சிற்றூருக்கு அழைத்துச் சென்று திருமணம் நிகழ்த்துகின்றனர். எட்டாம் சூத்திரத்தோடு இதனை வைத்துப் பார்ப்பின் இதன் அருமை விளங்கும். ஐம்புல வேடர் அழிந்தொழிவதோடு கதை முடியவில்லை. இறைவனைச் சார்ந்த உயிரின் சொல்லால் அவ்வேடரே மீண்டும் எழுந்து, முன் தடைசெய்த கையாலேயே மணவினைக்கு ஏவல் செய்கின்றனர். பசுகரணங்கள் சிவகரணங்களாதல் என்று சித்தாந்திகள் கூறும் நிலைக்கு இதனினும் விளக்கமான காட்சி புராணங்களிற் காண்டல் அரிது.

மேடையிலோ தர்க்கத்திலேயே இரவின் பெரும்பகுதி கழிந்துவிடுகின்றது. கிழவரும் யானையும் வருவதற்குள் கிழக்கு வெளுக்கத் தொடங்கும். கறவைக்கும் காய்கறிச் சந்தைக்கும் விரையவேண்டியவர் எழுவர். நாடகமும் விரைந்து மாலைமாற்றலில் முடிந்துவிடும். வேடர் மாண்டதும் மீண்டதும் பாடப்படாமலே போதல் பெரும்பான்மை. கும்மி ஆசிரியர்களின் கைப்பிரதிகள் சிலவற்றுள்ளேனும் அப்பகுதி பாட்டாய் எஞ்சியிருத்தல் கூடும். சுவடிகளை ஊர் ஊராய்த் தேடிப் பதிப்பித்த தமிழ்நாட்டில், அக்கைப்பிரதிகளையும் பெற்றுக் கந்தபுராணத்தோடும் தணிகைப்புராணத்துக் களவுப் படலத்தோடும் ஒப்புநோக்கி வெளியிடும் பணி சித்தாந்த நூற்பயிற்சியும் இசைப்பயிற்சியும் ஒருங்குடைய இளைஞர்க்காகக் காத்துக் கிடக்கின்றது. ஒட்டன்சத்திரத்தைச் சுற்றிய சிற்றூர்களிலிருந்தே அதனைத் தொடங்கலாம்.